பூண்டு, மீன் வாடை கையை விட்டுப் போகலையா? பட்டைத் தொடும் முன் காஞ்சிபுரம் வீடுகளில் கவனிக்க வேண்டியவை

மதியம் மீன் குழம்பு வைத்த கையோடு பட்டுத் தறியில் உட்கார முடியுமா? காஞ்சிபுரத்தில் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வீட்டுக்குள்ளேயேதான் தறி. சமைக்கிற அதே கைதான் தார் சுற்றுகிறது, அறுந்த இழைக்கு முடிச்சும் போடுகிறது.

பட்டு நம்ம தலைமுடி மாதிரியே புரதத்தால் ஆன இழை. எண்ணெய் பட்டால் கறை தெரியும், மஞ்சள் பட்டால் சாயம் மாதிரியே ஏறிவிடும். ஜரிகையிலோ தங்க முலாம் பூசிய வெள்ளி இருக்கிறது. வெள்ளிக்குக் கந்தகம் ஆகாது, கறுத்துவிடும். பூண்டு, வெங்காயம், பெருங்காயம் மூன்றின் வாடைக்கும் காரணம் கந்தகச் சேர்மங்கள்தான். ஒரே தொடுதலில் ஜரிகை கறுத்துவிடாது. ஆனால் பல நாள் உழைத்து நெய்யும் புடவையில் ரிஸ்க் எடுக்க யாருக்கு மனசு வரும்?

தண்ணீரில் கழுவியும் ஏன் போகலை?

முழுப் பூண்டில் பெரிசாக வாடை கிடையாது. நசுக்கும்போது செல்கள் உடைந்து, ஒரு நொதி வேலை செய்து, அல்லிசின் உருவாகிறது. அதிலிருந்து வரும் சேர்மங்கள் எண்ணெயில் நன்றாகக் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. அதனால் முதலில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ விட்டு நகக்கண் வரை தேய்ங்க. பிறகு கடலை மாவு, அடுத்து சோப்பு. பச்சை மிளகாய் நறுக்கிய எரிச்சலுக்கும் இதே வழிதான்.

மீன் கதை வேறு. கவிச்சி வாடைக்கு முக்கியக் காரணம் ட்ரைமெத்தில் அமீன் என்ற காரப் பொருள். புளிப்பு பட்டால் அது உப்பாக மாறிவிடும், காற்றில் கலந்து மூக்குக்கு வராது. இதற்காக எலுமிச்சை வாங்க ஓட வேண்டாம், குழம்புக்குக் கரைத்த புளிச் சக்கையே போதும். கையில் நூல் கிழித்த காயம் இருந்தால் எலுமிச்சையும் புளியும் எரியும். அப்போ மோர் நல்லது.

ஸ்டீல் ஸ்பூனைத் தண்ணீரில் பிடித்துத் தேய்க்கச் சொல்வார்கள். செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை, ஆனால் அதை மட்டும் நம்பித் தறியில் உட்காராதீங்க.

(வரதராஜப் பெருமாள் கோயில் மடைப்பள்ளிக்கு இந்தப் பிரச்னையே இல்லை. அங்கே மிளகு, சீரகம், சுக்கு சேர்த்துச் செய்யும் கோயில் இட்லியில் பூண்டும் கிடையாது, வெங்காயமும் கிடையாது.)

இதை மட்டும் செய்யாதீங்க

வாடை போகட்டும் என்று பிளீச்சிங் பவுடர் கரைசலில் கையை நனைக்க வேண்டாம். தோலுக்கும் கெடுதல், மிச்சம் ஒட்டியிருந்தால் குளோரின் பட்டு இழையையே அரித்துவிடும்.

மஞ்சள் கையோடு புடவையைத் தொட்டுவிட்டால் பதறிப்போய் சோப்பு போடாதீங்க. சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவப்பாக மாறும். சுண்ணாம்பு பட்ட மஞ்சள் சிவக்குமே, அதே கதைதான். வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பட்டு வெளுத்துப் பழக்கப்பட்டவர்களிடம் கொடுத்துவிடுங்க.

கடைசியாக, கழுவிய கையைக் கரித்துணியில் துடைத்தால் பாதி வாடை திரும்ப வந்துவிடும். ஈரக் கையும் பட்டுக்கு ஆகாது, தண்ணீர்த் திட்டு விழும். தறிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு வெள்ளைத் துண்டு வைத்திருங்க. அதில் துடைக்கும்போது லேசாக மஞ்சள் தெரிந்தால், மறுபடி ஒருமுறை கழுவிவிட்டு வாங்க.