ஒப்பம் வெச்ச புத்தகம்

எங்கட ஊர்களில் ஒரு பழைய புத்தக அலுமாரியைத் திறந்தால், முதல் பக்கத்தில் நீல மை படிந்த புத்தகம் ஒன்றாவது அகப்படும். "அன்புடன்" என்று ஒரு சொல், அதன் கீழே வாசிக்க முடியாத ஒரு கீறல். யார் கொடுத்தது, யாருக்கு, எந்த வருஷம் என்று கேட்டால் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. "வாப்பாக்குத்தான் தெரியும்" என்பார்கள். வாப்பா மௌத்தாகிப் பல வருஷம்.

ஒப்பம் வைப்பதெல்லாம் ஒரு வேலையா என்று நாங்களும் நினைத்தவர்கள்தான். ஒலுவிலிலும் கல்முனைப் பக்கத்திலும் நடக்கிற வெளியீட்டு விழாக்களில் மேசைக்குப் பக்கத்தில் நின்று உதவப் போன பிறகுதான், அந்தக் கீறலுக்குப் பின்னால் எவ்வளவு பாடு இருக்கு என்று விளங்கியது.

ஓலைச்சுவடிக் காலத்தில் எல்லாப் பிரதியும் கையெழுத்துத்தான். ஆனால் அது நூலை இயற்றியவரின் கையல்ல, பிரதி பண்ணினவரின் கை. எழுதினவர் பெயர், எழுதி முடித்த நாள், யாருக்காக எழுதியது என்று சிலர் கடைசி ஓலையில் குறித்து வைத்தார்கள். சுவடியின் வயதைத் தேடுகிற ஆய்வாளர்கள் இன்றைக்கும் முதலில் புரட்டுவது அந்தக் கடைசி வரிகளைத்தான். அச்சு வந்ததும் எல்லாப் பிரதியும் ஒரே முகமாகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சிலும் இத்தாலியிலும் ஆசிரியர்கள் பிரதிபிரதியாக ஒப்பம் வைத்தது அன்பால் அல்ல, கள்ளப் பதிப்புக்குப் பயந்து. ஒப்பம் இல்லாத பிரதி கள்ளப் பிரதி என்று புத்தகத்திலேயே அச்சிட்டார்கள். வாசகருக்காக வரிசையில் இருந்து ஒப்பம் வைக்கிற வழக்கம் பிறகு பரவியது.

எங்கட கரையில் கதை வேறு. இங்கே எழுதுகிறவரேதான் பெரும்பாலும் பதிப்பாளர். காசு போடுகிறதும் பெட்டி தூக்குகிறதும் அவரே. புத்தகம் கொஞ்சம் கூடுதலாகப் போகிற நாள் வெளியீட்டு நாள் மட்டும்தான். முதற் பிரதி புரவலருக்கு, அதன் பிறகு சிறப்புப் பிரதிகள், மேடையில் பெயர் பெயராக வாசித்துக் கொடுப்பார்கள். வாங்குகிறவர் கவரில் காசு வைப்பார், அது புத்தக விலையைவிடக் கூடவும் இருக்கும். அச்சகக் கடனில் ஒரு பங்கு அதில்தான் அடையும். அதனால் அந்தப் பிரதிகளில் முதல் நாளே பெயர் எழுதி ஒப்பம் வைத்துவிட வேண்டும். ஆள் வராவிட்டால் அந்தப் பிரதி மிச்சம். வேறு ஒருத்தருக்குக் கொடுக்கவும் ஏலாது.

அசருக்குப் பிறகு தொடங்கும் விழாவில் பேச்சாளர்கள் நீட்டினால் இன்னொரு சிக்கல். ஒப்பத்துக்கு வரிசை கட்டும் நேரத்தில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிடும். வரிசை கலைந்துவிடும். தொழுதுவிட்டுத் திரும்பி வருகிறவர் குறைவு.

பிறகு பெயர். முஹம்மது, முஹம்மட், முகம்மது, மொஹமட் என்று ஒரே பெயரை நாலு விதமாக எழுதுகிறோம். ஸ போடுவதா ச போடுவதா, ற போடுவதா ர போடுவதா? "மாஸ்டர், எண்ட பேரையும் போட்டுத் தாங்க" என்று சொல்லிவிட்டு நிற்கிறவரிடம், படித்துக்கொடுத்த பிள்ளையின் பெயரையே எப்படி எழுத்துக்கூட்டிக் கேட்பது? கேட்டால் மறந்துவிட்டார் என்று நினைப்பான். கேட்காமல் பிழையாக எழுதினால் அந்தப் பிழை ஆயுளுக்கும் அலுமாரியில் கிடக்கும். புனைபெயரில் எழுதுகிறவருக்கு எந்தப் பெயரில் ஒப்பம் வைப்பது என்ற யோசனையும் சேரும். காசோலையில் வைக்கிற அதே ஒப்பத்தைப் புத்தகத்தில் வைக்கக் கூடாது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. நூறு பேர் கையில் உங்கட வங்கி ஒப்பம்!

மையும் லேசான விஷயமல்ல. வழுவழுப்பான தாளில் ஜெல் பேனை சீக்கிரம் காயாது. உடனே மூடினால் எதிர்ப் பக்கத்தில் கண்ணாடி பார்த்த மாதிரி இன்னொரு ஒப்பம் விழும். தண்ணீர் பட்டால் இன்னும் மோசம். அச்சு மை எண்ணெய் சேர்ந்தது, நனைந்தாலும் எழுத்து நிற்கும். கழுவினால் போகிற ஊற்றுப்பேனை மை கரைந்து ஓடும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறிய கரை இது. புத்தகத்தை மறுபதிப்புச் செய்யலாம். முதல் பக்கத்தில் இருந்ததை எந்த அச்சகத்தில் கொடுப்பது?

ஒப்பம் வைக்க ஆளே இல்லாமல் போன புத்தகங்களும் எங்களிடம் உண்டு. கல்முனைக்கு வடக்கே பெரியநீலாவணையின் கவிஞர் நீலாவணன் 1975 ஜனவரியில் காலமானார். அவரது கவிதைத் தொகுதி 'வழி' 1976இலும், 'வேளாண்மை' காவியம் 1982இலும் வந்தன. ஊர் ஊராகப் பேர் போன ஒரு கவிஞரின் இந்த இரண்டு நூல்களில் ஒன்றில்கூட அவர் கை படவில்லை.

மறுபக்கம், ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உருவாகப் பாடுபட்ட எம்.எச்.எம். அஷ்ரப். அவரை அரசியல்வாதியாக மட்டும் அறிந்த எங்கட வயதுக்காரர் பலருக்கு அவர் கவிஞர் என்பது பிந்தித்தான் தெரியும். அவரது 'நான் எனும் நீ' 1999இல் வெளிவந்தது. 2000 செப்டெம்பர் 16 அன்று, அம்பாறைக்கு வரும் வழியில் அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விழுந்து மௌத்தானார். அந்தத் தொகுதியில் ஒப்பம் வைக்க அவருக்குக் கிடைத்த காலம் அவ்வளவுதான். யாரிடமாவது அப்படி ஒரு பிரதி இருந்தால் அது குடும்பச் சொத்து மட்டுமல்ல, ஊரின் ஆவணம்.

தூரத்தை வெல்ல மார்கரட் அட்வூட் என்ற கனடிய எழுத்தாளர், ஓரிடத்தில் எழுதினால் இன்னோரிடத்தில் எந்திரக் கை எழுதும் 'லோங்பென்' என்ற கருவியை 2006இல் அறிமுகம் செய்தார். 2022இல் பொப் டிலானின் புத்தகம் 'ஆசிரியர் ஒப்பமிட்டது' என்று 900 பிரதிகள், ஒன்று 599 டொலருக்கு விற்கப்பட்டது. எந்திரம் போட்ட ஒப்பம் என்று தெரிந்ததும் வாசகர்கள் கொதித்தார்கள். பதிப்பகம் காசைத் திருப்பிக் கொடுத்தது, டிலான் மன்னிப்புக் கேட்டார். கோடு ஒன்றுபோல இருந்தும் ஆட்கள் ஏற்கவில்லை. அந்தப் பிரதியை அவர் கையில் எடுத்தாரா என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

கையில் எடுத்துத் தருகிற எழுத்தாளர்கள் எங்கட ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் நாளும் ஊரும் பெயரும் இல்லாத "அன்புடன்" ஒரு தலைமுறைக்கு மேல் பேசாது. அதனால் இப்ப நாங்கள் உதவப் போகும் விழாக்களில் ஒரு சின்ன வேலை செய்கிறோம். துண்டுத் தாளும் பேனையும் கொண்டு வரிசையில் நடந்து, ஒவ்வொருத்தரிடமும் பெயரை அவர்கள் கையாலேயே எழுதி வாங்கிப் புத்தகத்துக்குள் வைக்கிறோம். எழுதுகிறவர் அதைப் பார்த்துப் பெயரை எழுதுகிறார், கீழே திகதியும் ஊரும் போடுகிறார். காயும்வரை மூடாமல் வைத்திருக்கச் சொல்லுகிறோம். வரிசை கொஞ்சம் மெதுவாகத்தான் நகருது. பேச்சாளர்கள் நேரத்தோடு முடித்தால் மஃரிபுக்கு முன் எல்லாருக்கும் கொடுத்துவிடலாம்.