கைப்பலமும் கருவியளவும்

"வேண்டிய மட்டும் முறுக்கு" என்று சொல்வது எளிது. வேண்டிய மட்டு எது என்று சொல்வதே அரிது. இவ்விரண்டுக்கும் இடையே கிடந்த தூரத்தைக் கடக்க மனித அறிவு ஏறக்குறைய நூறாண்டுக் காலம் உழைத்தது. அவ்வரலாற்றைச் செலண்டார்த் தோட்டப்புறத்தில் இருந்துகொண்டு எழுத நமக்கு என்ன உரிமை என வாசகர் வினவலாம். நாம் அடைந்த நட்டமே நமது உரிமை.

சில ஆண்டுகளுக்கு முன் நமது மோட்டார் சைக்கிளின் எஞ்சின் எண்ணெயை நமது கையாலேயே மாற்றினோம். எண்ணெய் வடிக்கும் அடிப்போல்ட்டைத் திரும்ப மாட்டுகையில், ஒழுகிவிடலாகாதே என்னும் அச்சத்தால், இன்னும் ஒரு பிடி, இன்னும் ஒரு பிடி என்று ஸ்பானரை இழுத்தோம். திடீரெனக் கையில் எதிர்ப்பு அற்றுப்போயிற்று. அலுமினிய உறையின் மரை உரிந்துவிட்டது. அன்றிரவே எண்ணெய் சொட்டத் தொடங்கிற்று. எதற்கு அஞ்சினோமோ அதனை நாமே வருவித்துக்கொண்டோம். பலமின்மையால் வந்த கேடன்று இது. பலத்துக்கு அளவின்மையால் வந்த கேடு.

நிற்க. மோட்டார் சைக்கிளுக்கும் நமது மலாக்கா மண்ணுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1876இல் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்துக்குச் சென்றன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. 1885இல் ஜெர்மனியில் டைம்லரும் மேபாக்கும் மரச்சட்டத்தில் பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தி இரு சக்கர வண்டியொன்றை ஓட்டினர். 1888இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் காற்றடைத்த டயரை ஆக்கினார். 1896இல் தான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வாணிபப் பயிராக நட்டார். பின்னர் நமது ஜாசின் வட்டாரத்துப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. அப்பாலை வடித்தெடுத்தவர் யார்? கடல் கடந்து வந்த நம்மவரே. அவர் வடித்த பால் உலகத்துச் சக்கரங்களுக்குக் காலணியாயிற்று. அச்சக்கரத்தின்மேல் ஏறிச் செல்லும் பேறு மட்டும் அவருக்கு நெடுநாள் வாய்க்கவில்லை.

அப்பேறு பெரும்பாலும் 1958க்குப் பின்னரே எளிதாயிற்று. அவ்வாண்டு ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா கப் என்னும் சிறு வண்டி, பினாங்குத் தொழிலதிபர் லோ பூன் சியூவின் முயற்சியால் மலாயாவிலும் பரவிற்று. 'கப்' என்பதோடு 'சிறியது' எனப் பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து 'கப்சாய்' என்னும் பெயர் பிறந்தது. தமிழகத்திலோ, 1955இல் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் அமைந்து, திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாயின. இங்ஙனம் இரு கரையிலும் தமிழன் கைக்கு ஸ்பானர் வந்தது. ஸ்பானரோடு அளவும் வந்ததா என்பதே கேள்வி.

இதனை ஆராயத் திருகாணியின் கதையைச் சற்றே பார்த்தல் வேண்டும். முற்காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டிற்று. ஒருவர் செய்த நட்டு மற்றொருவர் செய்த போல்ட்டில் ஏறாது. ஆதலின் இயந்திரம் வாங்கியவன், அதைச் செய்தவனுக்கு வாழ்நாள் அடிமை. இந்நிலையை மாற்றியவர் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயர். திருகு வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைசெய்த ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் பயின்ற இவர், பல பட்டறைகளின் போல்ட்டுகளைத் திரட்டி ஒப்பிட்டு, 1841இல் 55 பாகைக் கோணமுடைய பொது மரையொன்றை வகுத்தார். 1864இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணத்தைப் பரிந்துரைத்தார். பிற்காலத்து மில்லிமீட்டர் மரையும் 60 பாகையையே கொண்டது. பிரிட்டிஷ் வண்டிக்கான அங்குல ஸ்பானர் ஜப்பானிய நட்டில் சரிவரப் பொருந்தாமல் மூலைகளைத் தேய்ப்பதன் காரணமோ மரைக் கோணமன்று; நட்டின் பக்க அளவு அங்குலத்திலும் மில்லிமீட்டரிலும் வேறுபடுவதே.

மரை பொதுவாயிற்று, முறுக்கும் கையோ பொதுவாகவில்லை. போல்ட்டு என்பது வெறும் ஆணியன்று; அது ஒரு வில். முறுக்குந்தோறும் மயிரிழையளவு நீள்கிறது. நீண்டது சுருங்க முயல்கிறது. அம்முயற்சியே இரு பாகங்களையும் கவ்விப் பிடிக்கிறது. நீட்சி குறைந்தால் எஞ்சினின் அதிர்ச்சியில் நட்டுக் கழலும். நீட்சி மிகுந்தால் போல்ட்டு மீளாது தளரும், அல்லது முறியும், அல்லது மென்மையான அலுமினிய மரை உரியும். இதில் வியப்பு யாதெனில், நாம் இடும் வலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே செலவாகிறது. எஞ்சிய ஒரு பங்கே போல்ட்டை இழுக்கிறது. துருவோ எண்ணெயோ சிறிது கூடினால் கணக்கு முழுதும் மாறும். இதனைக் கை எங்ஙனம் உணரும்?

கணக்கையும் பார்ப்போம். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் 20 கிலோ எடைக்கு ஈடாக இழுத்தால், முறுக்கு ஏறக்குறைய 50 நியூட்டன் மீட்டர். சிறு மோட்டார் சைக்கிள்களின் எண்ணெய் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 25க்கு அருகே போதும். மண்வெட்டியும் பால்வாளியும் பிடித்துக் காய்த்த கைக்கு 20 கிலோ ஒரு பொருட்டன்று. உழைத்த கையே தன்னை அறியாமல் இருமடங்கு முறுக்கிவிடுகிறது.

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. நியூயார்க் நகர நீர்த்துறையில் பணியாற்றிய கான்ராட் பார் என்பவர், நிலத்தடி நீர்க்குழாய், நீராவிக்குழாய் ஆகியவற்றின் இணைப்புப் போல்ட்டுகள் ஒன்றுபோல் முறுக்கப்படாமையைக் கண்டு, 1918இல் முறுக்கை அளக்கும் கருவியொன்றைத் தாம் செய்ததாகக் கூறினார். 1930களில் அவரும் ஜார்ஜ் பெபர்லேயும் காப்புரிமை பெற்ற கருவி, குறித்த அளவை எட்டியதும் ஒலி எழுப்பும். இதுவே இன்று 'டார்க் ரெஞ்சு' எனப்படுவது. இது பிறந்தது பெருஞ்செல்வரின் ஆய்வுக்கூடத்திலன்று. தெருவைத் தோண்டிக் குழாய் பதித்தவனின் தொல்லையிலே பிறந்தது.

இதனைக் கையாளும் முறையில் மந்திரம் யாதுமில்லை. வண்டியின் பழுதுநூலில் அந்தந்தப் போல்ட்டுக்கு உரிய எண்ணைப் பார்க்க. மரையைத் துடைத்துத் தூய்மை செய்க. நூல் சொன்னாலன்றி எண்ணெய் இடற்க. முதலில் விரலால் திருகி மரை நேரே ஏறியதா என்று காண்க. பின் கருவியில் எண்ணை வைத்து, கைப்பிடியின் நடுவில் பற்றி, வெட்டி இழுக்காமல் மெல்ல இழுக்க. ஒலி கேட்டதும் நிறுத்துக. உறுதிக்காக மறுபடி இழுப்பவன் அளவையே அழிக்கிறான். சிலிண்டர் தலையின் நான்கு நட்டுகளையும் குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று தவணையில் ஏற்றுக. கழற்றுவதற்கு இக்கருவியைப் பயன்படுத்தற்க. வேலை முடிந்ததும் அளவைக் கீழெண்ணுக்கு இறக்கி வைக்க. 5000 முறை முறுக்கிய பின்னோ, ஓராண்டு கழிந்தோ, எது முந்துகிறதோ அப்பொழுது கருவியையே சோதித்துக்கொள்ளல் பொது விதி. அளப்பவனையும் அளக்க வேண்டும் என்பது எவ்வளவு நேரிய கொள்கை!

அளவின் அருமையைத் தோட்டத்தான் பிறர் சொல்லி அறிய வேண்டியதில்லை. ரப்பர்த் தோட்டங்களின் பால் கொட்டகையில் மெட்ரோலாக் என்னும் மிதவையைப் பாலில் இட்டு, அதிலுள்ள காய்ந்த ரப்பரின் அளவைக் கணித்தனர். ரப்பர் நீரினும் இலேசானது. ஆதலின் கொழுத்த பாலில் மிதவை ஆழமாக அமிழும். எங்கெங்கு அக்கோட்டைக் கிராணி மட்டும் பார்த்து எண் சொன்னாரோ, அங்கெல்லாம் தொழிலாளிக்கு ஐயம் எழுந்தது. அதனைத் தொழிலாளியும் குனிந்து பார்க்கும் இடத்தில் வாக்குவாதத்துக்கு இடம் ஏது? கிராணித் தொழிலில் இருப்பவராதலின் இதனைக் கூச்சமின்றிச் சொல்கிறோம்: ஒருவன் கண்ணுக்கு மட்டும் தெரியும் அளவு, அளவன்று, அதிகாரம்.

நமது முன்னோர் அளவறியாதவரல்லர். முதலாம் இராசராசன் காலத்தில் சோழநாட்டு நிலம் அளக்கப்பெற்றது. அளவுகோல்களைக் கோயிற் கற்களில் வெட்டிவைத்த வழக்கமும் இருந்தது. ஐயம் எழுந்தால் எவரும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். சிறந்த ஏற்பாடே. ஆயினும் 'எவரும்' என்ற சொல்லுக்குள் எல்லாரும் அடங்கினரா? நிலத்தை உழுதவருள் எத்தனையோ பேர் கோயில் வாயிலையே அணுகக் கூடாதென்று தடுக்கப்பட்டனர். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அவர் நுழைந்தது 1939இல். அளவு கல்லில் இருந்தது. கல்லருகே செல்லும் உரிமை இல்லை. பட்டறையிலும் இதுவே நடக்கிறது. "கைப்பக்குவம்" என்று சொல்லித் தொழிலை மறைக்கும் ஆசானிடம் பத்தாண்டு தேநீர் வாங்கிக் கொடுத்த பையனும் பக்குவம் அறியாமலே நிற்கிறான். "25 நியூட்டன் மீட்டர்" என்று அச்சிட்ட எண்ணோ சாதி கேட்பதில்லை. தந்தை பெயர் கேட்பதில்லை. படிக்கத் தெரிந்த பெண்ணும் பையனும் முதல் நாளிலேயே அதனைக் கைக்கொள்ளலாம்.

தேர்ந்த கைகளை நாம் இகழவில்லை. மரை கோணலாய் ஏறுவதை முதலில் உணர்வது விரலே; அதனை எந்தக் கருவியும் சொல்லாது. அனுபவம் அளவோடு சேர்ந்தால் கல்வியாகும்; அளவை வெறுத்தால் செருக்காகும்.

இந்நாட்டின் சாலை மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிளில் செல்வோருடையவை. காரணங்கள் பல; எல்லாம் நம் கையில் இல்லை. சக்கர அச்சின் நட்டு நம் கையில் இருக்கிறது. எண்ணெய் போல்ட்டுப் பழுதானால் போவது பணம். அச்சு நட்டுக் கழன்றால் போவது உயிர். கருவி விலை மிகுதியென்றால் பத்து வீட்டார் கூடி ஒன்று வாங்குக. இளைஞர் மன்றங்கள் விழாச் செலவில் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்குக. எண்களைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுக. அச்சுவர் எவரும் அணுகக்கூடிய சுவராக இருக்கட்டும்.