ஓமானின் ஃபலஜ்: நேரத்தால் அளந்த நீர்

ஆண்டொன்றுக்குச் சராசரியாக 100 மில்லிமீற்றர் அளவே மழை பெய்யும் நாடு ஓமான். ஆண்டு முழுவதும் ஓடும் பேராறு எதுவும் அங்கில்லை. ஆயினும், ஹஜர் மலைத்தொடரின் அடிவாரத்து ஊர்களில் பேரீச்சந் தோப்புகள் பல நூற்றாண்டுகளாகச் செழித்து வந்துள்ளன. அதற்குக் காரணம் ‘ஃபலஜ்’ எனப்படும் கால்வாய் முறை.

மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் கிடைக்கும் இடத்தில் தாய்க்கிணறு ஒன்றைத் தோண்டுவர். அங்கிருந்து மிகச் சிறிய சரிவுடன் சுரங்கமொன்று ஊரை நோக்கிச் செல்லும். இறைப்பின்றியே நீர் ஊரை வந்தடையும். ஊற்று நீரையும் ஓடை நீரையும் கொண்டுவரும் ஃபலஜ்களும் உண்டு.

இந்தப் பொறியியலிலும் வியப்புக்குரியது, அந்நீரைப் பங்கிட்ட விதமாகும். ஊருக்குள் நுழையுமிடத்தில் குடிநீர் எல்லோருக்கும் பொது, அதற்கு விலையில்லை. அடுத்துப் பள்ளிவாசலும் குளிக்குமிடங்களும். அவற்றின் பின்னரே தோட்டங்கள். தோட்டங்களுக்குரிய பங்கு கொள்ளளவால் அன்றி நேரத்தால் அளக்கப்பட்டது. ஏறக்குறைய அரை மணி நேரம் ஓர் ‘அதர்’. பகலில் நட்ட கோலின் நிழலும் இரவில் விண்மீன்களும் கடிகாரமாயின. ‘வக்கீல்’ எனப்பட்ட பொறுப்பாளர் நிர்வாகத்தைக் கவனித்தார். ஃபலஜுக்கென ஒதுக்கப்பட்ட சில நீர்முறைகளை ஏலமிட்டுப் பெற்ற பணத்தில் பராமரிப்பு நடந்தது.

பங்குகள் எல்லோருக்கும் சமமாக இருக்கவில்லை. அவை விற்கவும் வாங்கவும் கூடிய சொத்தாகவே இருந்தன. ஆனால் வறட்சியில் நீரோட்டம் குறையும்போது, அனைவர் பங்கும் ஒரே விகிதத்தில் குறைந்தது. செல்வரும் அதிலிருந்து தப்ப இயலவில்லை. ஊர் ஒற்றுமையைக் காத்தது இந்த ஏற்பாடுதான்.

1970களின் பின்னர் நீரிறைக்கும் இயந்திரங்கள் பெருகின. ஆழ்கிணறு தோண்டியவர் தமது முறைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அவர் இறைத்தது, ஊராரின் ஃபலஜை ஊட்டிய அதே நிலத்தடி நீரையே. நீர்மட்டம் தாழ்ந்தது; பல ஃபலஜ்கள் வறண்டன. 1988இல் அரசு நீரைத் தேசிய வளமாகப் பிரகடனம் செய்தது. புதிய கிணறுகளுக்கு அனுமதி பெறும் முறையும் நடைமுறைக்கு வந்தது.

2006இல் யுனெஸ்கோ, நிஸ்வாவிலுள்ள ஃபலஜ் தாரிஸ் உட்பட ஐந்து ஃபலஜ்களை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. சுமார் 3,000 ஃபலஜ்கள் அப்போதும் இயங்கிக்கொண்டிருந்தன. நிலத்தடி நீர்மட்டத்தின் வீழ்ச்சி அவற்றுக்கு அச்சுறுத்தல் என்பதையும் அந்நிறுவனம் சுட்டிக்காட்டியது.

இடிந்த சுரங்கத்தை அரசு திருத்திக் கட்டலாம். தத்தமது முறைக்காகக் காத்திருக்கும் ஒழுங்கை ஊரார்தான் பேண வேண்டும். அது கைவிடப்படின், இக்கால்வாய்கள் சுற்றுலாப் பயணிகள் பார்த்துச் செல்லும் பழம்பொருள்களாக மட்டுமே எஞ்சும்.