இருபது வளைவுகள் ஏறி வந்த எண்ணெய்

ஸ்பெயினின் தெற்கே ஹயேன் என்றொரு மாகாணம். குன்று குன்றாக ஆலிவ் மரங்கள், 6 கோடிக்கும் மேல் இருக்கும் என்கிறார்கள். ஐப்பசியில் தொடங்கும் காய் பறிப்பு தை மாதம் வரை நடக்கும். பறித்ததை உடனுக்குடன் ஆலைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். குவித்து வைத்தால் சூடேறிப் புளித்துவிடும். கொட்டையோடு சேர்த்து அரைத்து, விழுதை மெல்லக் கிண்டி, சுழல் இயந்திரத்தில் விட்டு எண்ணெயைப் பிரிக்கிறார்கள். சூடு 27 டிகிரியைத் தாண்டாமல் எடுத்தால்தான் குளிர்முறை எண்ணெய் என்று எழுத ஐரோப்பாவில் அனுமதி உண்டு. ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ காய் தேவை. அமிலத்தன்மை 0.8 சதவீதத்துக்குள் இருந்து, சுவைச் சோதனையிலும் குறையின்றித் தேறியதற்கே எக்ஸ்ட்ரா வெர்ஜின் என்று பெயர்.

அங்கிருந்து கப்பலில் இந்தியத் துறைமுகம், பின் லாரியில் சேலம், சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு. தலைச்சோலை போன்ற சேர்வராயன் மலைச் சிற்றூர்களுக்கு அதற்கு மேலும் தூரம் இருக்கிறது.

நம் கரைக்கு இந்த எண்ணெய் புதிதல்ல. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் ஆம்போரா சாடிகள் உடைந்த ஓடுகளாகக் கிடைத்தன. பெரும்பாலானவை திராட்சை மது வந்த சாடிகள். சில, ஆலிவ் எண்ணெய் வந்தவை என்று சாடிகளின் வடிவத்தை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில் கண்டறிந்தார். கரையில் தங்கிய யவன வணிகர்கள் தங்கள் சமையலுக்காக வரவழைத்திருக்க வேண்டும். அவர்களுடைய காசு உள்நாடு வரை வந்தது. சேலம் மாவட்டத்துக் கோனேரிப்பட்டியில் 1987-இல் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. எண்ணெய்க்கு மட்டும் நம் அடுப்பங்கரையில் வேலை இருக்கவில்லை. எள்ளும் செக்கும் இங்கேயே இருந்தன.

நம் காலத்தில் அது மருந்துக்கடை வழியாக வந்தது. குழந்தையைக் குளிப்பாட்டும் முன் உடம்பில் தேய்க்கச் சிறிய தகர டப்பாவில் வாங்கினோம். சமையலுக்கு அது அழைக்கப்பட்டதற்குக் காரணம் இதய நோய் பற்றிய ஆராய்ச்சிகள். 1958-இல் அமெரிக்க அறிவியலாளர் ஆன்சல் கீஸ் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில், கிரேக்கத் தீவான கிரீட்டின் ஆண்கள் கொழுப்பை நிறையவே சாப்பிட்டார்கள். ஆனால் மாரடைப்பால் இறந்தவர்கள் மிகக் குறைவு. அவர்கள் சாப்பிட்ட கொழுப்பில் பெரும்பகுதி ஆலிவ் எண்ணெய்.

பின்னர் ஸ்பெயினில் பிரெடிமெட் என்ற பெரிய சோதனை நடந்தது. இதய நோய் வரும் அபாயம் அதிகமுள்ள 7,447 பேரை ஏறக்குறைய 5 ஆண்டுகள் கவனித்தார்கள். காய்கறி, பழம், பயறு, மீன் நிறைந்த உணவோடு எக்ஸ்ட்ரா வெர்ஜின் எண்ணெயைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தன. 2013-இல் வெளியான அந்த முடிவு, ஆட்களைப் பிரித்த முறையில் குறை தெரிந்ததால் 2018-இல் திரும்பப் பெறப்பட்டு, மறுபடி கணக்கிடப்பட்டு வெளியானது. எண்கள் பெரிதாக மாறவில்லை. பலன் அந்த முழுச் சாப்பாட்டுக்கும் உரியது என்பதை இங்கே மறக்கக் கூடாது. பொரித்ததையும் இனிப்பையும் அப்படியே வைத்துக்கொண்டு, காலையில் ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய் குடிப்பவருக்கு அந்த 30 சதவீதம் கிடைக்காது.

எண்ணெயில் அப்படி என்ன இருக்கிறது? மார்கழியில் ஏற்காட்டு வீடுகளில் தேங்காய் எண்ணெய் கட்டியாக உறைந்துவிடும். அதே அலமாரியில் ஆலிவ் எண்ணெய் நீராக ஓடும். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. ஆலிவில் 55 முதல் 83 சதவீதம் வரை ஒலிக் அமிலம். நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தில் ஒலிக் அமிலம் உள்ள எண்ணெயைச் சேர்த்தால், ரத்தத்தில் எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு இறங்குகிறது. இது முதல் நன்மை. இரண்டாவது, பாலிபீனால்கள். நல்ல எண்ணெயை வாயில் விட்டால் லேசாகக் கசக்கும். விழுங்கும்போது தொண்டையில் காரும். அந்தக் காரலுக்குக் காரணமான ஒலியோகாந்தால், வீக்கம் தணிக்கும் ஐபுப்ரோஃபென் மாத்திரையைப் போலச் செயல்படக்கூடியது என்று 2005-இல் கண்டறிந்தார்கள். பாலிபீனால் போதிய அளவு இருந்தால், தினம் 20 கிராம் எண்ணெய் ரத்தக் கொழுப்பு கெடாமல் காக்க உதவும் என்று போத்தலில் எழுத ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கிறது.

இந்த இரண்டாவது நன்மைதான் பயணத்தில் தேய்ந்துபோகிறது. வெளிச்சம், சூடு, காற்று, காலம் ஆகிய நான்கும் அதன் எதிரிகள். சேலத்து வெயிலில் கிடங்கில் கிடந்தாலும், கடை முகப்பில் வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில் பளபளத்துக்கொண்டு நின்றாலும் பாலிபீனால் குறையும். மலையின் குளிர்ச்சி எண்ணெய்க்கு நல்லது. ஆனால் அங்கே வந்து சேரும்போது அதற்கு எத்தனை வயது என்பதைப் பார்க்க வேண்டும். கருத்த போத்தல், சமீபத்திய தேதி, சிறிய அளவு, இந்த மூன்றையும் பார்த்து வாங்குங்கள். 'போமஸ்' என்று எழுதியிருந்தால், அது பிழிந்து மிஞ்சிய சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்துச் சுத்திகரித்தது. ஒலிக் அமிலம் இருக்கும், பாலிபீனால் பெரும்பாலும் போயிருக்கும். 'லைட்' என்பது நிறத்துக்கும் சுவைக்கும்தான். கிராமுக்கு 9 கலோரி எல்லா எண்ணெய்க்கும் ஒன்றே.

அந்நிய வரவுகளுக்குச் சேர்வராயன் மலை பழகியதுதான். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார். காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பாகவும் நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவின் மரம். ஆலிவ் மரத்துக்கு மட்டும் இந்த மலை ஒத்துவராது. மழையும் போதிய குளிரும் உள்ள குளிர்காலமும் வறண்ட கோடையும் அதற்கு வேண்டும். இங்கே குளிர் மிதமானது, மழையோ கோடையிலேயே தொடங்கிவிடுகிறது.

ஆனால் ஆலிவின் முக்கியச் சத்து இந்த மலையில் ஏற்கெனவே காய்க்கிறது. காப்பித் தோட்டங்களின் ஊடே நிற்கும் பட்டர் ஃப்ரூட் மரங்களைப் பாருங்கள். அந்தப் பழத்தின் 100 கிராம் சதையில் ஏறக்குறைய 15 கிராம் கொழுப்பு. அதில் பெரும்பகுதி அதே ஒலிக் அமிலம். கூடவே நார்ச்சத்தும் உண்டு. கடலை எண்ணெயின் கொழுப்பிலும் ஏறத்தாழப் பாதி ஒலிக் அமிலம்தான். நல்லெண்ணெயில் 40 சதவீதம் அளவுக்கு இருப்பதோடு, செசமின் போன்ற காக்கும் பொருள்களும் சேர்ந்திருக்கின்றன.

அளவுக்கு வருவோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் போதும் என்கிறது ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்த மாதிரித் தட்டு. நான்கு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர். ஆலிவ் எண்ணெய் இந்தக் கணக்குக்குள்தான் வர வேண்டும், இதற்கு மேலே அல்ல. வெந்த பீன்ஸ், கேரட், சௌசௌ மேலே ஒரு கரண்டி விடலாம், தாளிக்கலாம். வடை சுடுவதற்கு அதைக் கொட்டுவது வீண். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

ரேஷனில் அட்டைக்கு மாதம் 1 லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மலையில் கூலி வேலை செய்கிற குடும்பம் அதைத்தான் முதலில் வாங்கும். அவர்களிடம் ஆலிவ் எண்ணெய் குடியுங்கள் என்று சொல்வது நியாயமில்லை. பாமாயிலை அளவோடு வைத்து, கூடவே கொஞ்சம் செக்குக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ சேர்த்து, தோட்டத்துப் பட்டர் ஃப்ரூட்டில் ஒன்றிரண்டை லாரியில் ஏற்றாமல் வீட்டுப் பிள்ளைகளுக்கு வையுங்கள். வசதியுள்ளவர்கள் நல்ல எக்ஸ்ட்ரா வெர்ஜின் வாங்கி, வேறோர் எண்ணெய்க்குப் பதிலாகத் தினம் ஒன்றிரண்டு கரண்டி சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வழியும் இதயத்துக்கு நல்லதே.