தீவனத்தில் புகுந்த மருந்து: கோழி வளர்ப்பு வரலாறு தரும் பாடம்

அரசர்களும் போர்களுமே வரலாற்றின் பொருள் என்ற எண்ணம் இன்று பெரிதும் தளர்ந்துவிட்டது. மக்கள் உண்ட உணவும் அதனை ஆக்கிய முறையும் வரலாற்று மாணவனின் கவனத்திற்கு உரியனவாயின. அவ்வகையில், இறைச்சிக் கோழியின் தீவனத்தில் நுண்ணுயிர்கொல்லி மருந்து புகுந்த வரலாறு நோக்கற்பாலது. அம்மருந்துக்கு மாற்றாக வெள்ளி, செப்பு, நாகம் முதலிய உலோகங்களின் நனோத் துணிக்கைகள் இன்று முன்மொழியப்படுவதால், இது வெறும் பழங்கதையன்று.

1948 ஆம் ஆண்டின் இறுதியில், ஐக்கிய அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுகூடத்தில் தோமஸ் ஜூக்ஸ், ரொபேட் ஸ்டொக்ஸ்டட் ஆகிய இருவரும் கோழிக்குஞ்சுகளுக்கு வேண்டிய விற்றமின் பி12 இனை மலிவாகப் பெறும் வழியைத் தேடினர். ஒரியோமைசின் என்னும் மருந்தின் உற்பத்தியில் எஞ்சிய கழிவை அவர்கள் குஞ்சுகளுக்கு ஊட்டினர். விற்றமினால் மட்டும் விளக்கமுடியாத அளவுக்குக் குஞ்சுகள் விரைந்து வளர்ந்தன. கழிவில் தங்கியிருந்த மருந்தே அதற்குக் காரணம் எனப் பின்னர் கருதப்பட்டது. 1951 இல், மிருகவைத்தியரின் சிட்டையின்றியே மருந்தைத் தீவனத்தில் கலக்க அமெரிக்க அரசு அனுமதித்தது. நோய் தீர்க்கப் பிறந்த மருந்து இவ்வாறு எடை கூட்டும் பொருளாயிற்று.

எச்சரிக்கை இல்லாமலில்லை. குறைந்த அளவு மருந்துக்குப் பழகிய கிருமிகள் அதனை எதிர்த்து வாழக் கற்கும் என அலெக்சாண்டர் பிளெமிங் 1945 இலேயே கூறியிருந்தார். மனிதருக்குப் பயன்படும் மருந்துகளைத் தீவனத்திலிருந்து விலக்க வேண்டுமெனப் பிரித்தானியாவின் சுவான் குழு 1969 இல் பரிந்துரைத்தது. மருந்து கலந்த தீவனம் உண்ட கோழிகளில் மட்டுமன்றி, அப்பண்ணையில் வாழ்ந்த மனிதரின் குடலிலும் மருந்தை எதிர்க்கும் பற்றீரியாக்கள் சில மாதங்களிற் பெருகியதை ஸ்டுவர்ட் லெவி 1976 இல் காட்டினார். சுவீடன் 1986 இல் தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்குமான தடையோ 2006 இலேயே நடைமுறைக்கு வந்தது. சுவான் அறிக்கையிலிருந்து இதற்கு 37 ஆண்டுகள் சென்றன.

இத்தாமதத்தின் காரணம் யாது? இலாபம் சில வாரங்களில் பண்ணையாளனின் தராசிலே தெரிந்தது. நட்டமோ பல ஆண்டுகளின் பின், முகமறியா நோயாளி ஒருவனின் படுக்கையிலே தெரிந்தது. இரண்டையும் ஒரே தராசில் இட்டு நிறுப்பார் இலர்.

நனோத் துணிக்கைகள் 1 முதல் 100 நனோமீற்றர் வரையான அளவுடையன. அவை பற்றீரியாவின் மென்சவ்வைச் சிதைத்துப் பல வழிகளில் ஒருங்கே தாக்குவதால், அவற்றுக்கு எதிர்ப்பு எளிதில் தோன்றாது என்பர். ஆயினும் வெள்ளியை எதிர்க்கும் சல்மனெல்லாக் கிருமி, பொஸ்டன் நகர வைத்தியசாலையொன்றின் தீக்காயப் பிரிவிலிருந்து 1975 இலேயே அறிவிக்கப்பட்டது. மேலும், உலோகம் அழிந்துபோவதன்று. எருவுடன் மண்ணைச் சேர்வது. பன்றிக்குட்டிகளின் வயிற்றோட்டத்திற்கு மிகுந்த அளவில் ஊட்டப்பட்ட நாக ஒட்சைட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் விலக்கியதற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

புதிய ஆய்வை மறுப்பது நம் நோக்கமன்று. மருந்தை எதிர்க்கும் கிருமிகள் பெருகிவரும் காலத்தில் மாற்றுவழி தேடல் இன்றியமையாததே. ஆனால் கோழியின் எடையை மட்டும் நிறுத்துவிட்டு அனுமதி வழங்கும் பழைய பிழை மீண்டும் நிகழலாகாது. மண்ணையும் மனிதரையும் முன்னரே அளந்தறிதல் வேண்டும். விஞ்ஞானிக்கு இதனை நினைவூட்டும் கடமை வரலாற்று மாணவனுக்கும் உண்டு.