நஞ்சு சிந்திய புல்தரையைச் சீரமைத்தல்

வேதிப்பொருள் சிந்திப் புல் கருகிய இடத்தில் மண்ணைத் தேற்றி, மறுபடியும் பச்சை பிடிக்க வைக்கும் வேலை இது. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறிச் செல்லும் ஏலத் தோட்டங்களில் மருந்து கலக்கும் டிரம்மடி, டீசல் இறக்கும் இடம், உரமூட்டை அடுக்கும் ஓரம் ஆகியவை இந்த ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவை. மலைச்சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்துவதே புல்தான். அது செத்தால் மழையில் மண் கரைந்து ஓடைக்குப் போகும், கூடவே நஞ்சும் போகும். அதனால் முதல் வேலை திட்டுக்குக் கீழ்ப்புறம் மண்ணணைத்து வரப்பு போடுவது.

சிந்தியது என்ன என்பதைப் பொறுத்தே வைத்தியம். யூரியா, பொட்டாஷ் போன்ற உரங்களைத் தாராளமாகத் தண்ணீர் விட்டு வேருக்குக் கீழே இறக்கிவிடலாம். டீசலைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலேயே உண்டு. மண்ணைக் கிளறிக் காற்றோட்டம் கொடுத்துத் தொழுவுரம் சேர்த்தால் அவை வேகம் பிடிக்கும். எண்ணெய் படிந்த நிலத்துக்கென்றே டெல்லியின் டெரி நிறுவனம் 'ஆயில்ஜாப்பர்' என்ற நுண்ணுயிர்க் கலவையை உருவாக்கியிருக்கிறது. களைக்கொல்லிகளில் கிளைபோசேட் களிமண்ணில் ஒட்டிச் செயலிழக்கிறது, 2,4-டி பெரும்பாலும் சில வாரங்களில் சிதைகிறது.

உலோகம் அப்படியல்ல. அது சிதையாது.

ஏலமலையில் இதற்கு உதாரணம் போர்டோ கலவை. பிரான்சின் மெடோக் பகுதியில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமலிருக்கச் சாலையோரத் திராட்சைக்கொடிகளில் மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பும் கலந்து தெளிப்பார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோயால் இலை உதிராததைத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே கவனித்தார். 1885இல் அதை மருந்தாக அறிவித்தார். 100 லிட்டர் தண்ணீருக்குத் துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ என்ற அளவில் ஏலக்காயின் அழுகல் நோய்க்கு இன்றும் அதையே அடிக்கிறார்கள். நூறாண்டுகளுக்கு மேல் தெளித்ததில் போர்டோவின் திராட்சைத் தோட்ட மேல்மண்ணில் செம்பு சேர்ந்துகிடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஏழாண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ செம்பு என்று வரம்பு கட்டியது இந்தக் காரணத்தால்தான்.

உலோகம் மண்ணில் இறங்கினால் என்னவாகும் என்பதைப் பக்கத்துப் பழனிமலை காட்டியது. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை 1980களில் கொடைக்கானலில் இயங்கத் தொடங்கி, பின்னர் இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் மூஞ்சிக்கல் பழைய இரும்புக்கடையில் குவிந்துகிடந்தது 2001 மார்ச்சில் அம்பலமானது, ஆலை மூடப்பட்டது. ஏறத்தாழ 290 டன் கழிவு 2003இல் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஆனால் மண் அங்கேயே கிடந்தது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்ற அளவுகோல் பரிந்துரைக்கப்பட்டது. ஆலையை ஒட்டிய பாம்பார் சோலையின் நீர், தேனி மாவட்டத்துக் கும்பக்கரை அருவியாய் விழுகிறது. ஊர் குளிக்கும் தண்ணீருக்கு மேலே அந்த அளவு மிக அதிகம். கடுமையான வரம்பு கேட்ட சூழலியலாளர்களின் பக்கமே நியாயம். மண் சுத்திகரிப்பு பல்லாண்டு இழுபறிக்குப் பிறகே தொடங்கியது.

துத்தக் கரைசல் கொட்டிய தோட்டத்திலும் விதி இதுவே: உலோகம் தானாகப் போகாது. நீலம் படிந்த மேல்மண்ணை வெட்டியெடுத்துத் தனியே, ஓடைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். ஏலமலை மண் அமிலத்தன்மை கொண்டது. அமில மண்ணில் செம்பு எளிதாகக் கரையும். ஆகவே மிச்ச மண்ணில் சுண்ணாம்பிட்டு, மக்கிய எரு கலந்து செம்பைக் கட்டிப்போட வேண்டும். பிறகு கொட்டாங்குச்சி ஒன்றில் அந்த மண்ணையும் இன்னொன்றில் நல்ல மண்ணையும் நிரப்பிப் பாசிப்பயறு ஊன்றிப் பார்க்கலாம். முதலாவதில் முளை வெளுத்து, வேர் குட்டையாகித் தடித்தால் மண் இன்னும் தேறவில்லை. இரண்டும் ஒன்றுபோல வளர்ந்தால் மழைக்கால ஈரத்தில் அருகம்புல் கரணை நடலாம். புல் மூடிய பிறகும் அங்கே செம்மறியாடு மேய விடக்கூடாது. செம்பைத் தாங்கும் சக்தி அதற்கு மிகக் குறைவு.