பச்சை பலூனும் ஒரு பழைய பாக்கியும்

போன ஞாயிறு எதிர் ஃப்ளாட் பெண் கையில் ஒரு பச்சை பலூனோடு வந்தாள். அவள் அம்மா நம்ம தென்காசிப் பக்கம். "இஞ்சினியரிங் படிக்கிற பிள்ளைக்கு பலூன் குடுத்து அனுப்பிருக்காங்க, பாத்தீங்களாண்ணே!" என்று ஒரே சிரிப்பு. "அஞ்சு மணி நேரம் உக்காந்து வாங்கினதும்மா இது" என்று பெண்ணுக்கு கோபம். புனேவுக்குப் பொட்டி தட்ட வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்ட எனக்கு அந்த பலூனைப் பார்த்ததும் பழசெல்லாம் கிளம்பிவிட்டது.

கல்லூரி மாணவர்களுக்கான நிரல் எழுதும் போட்டி இன்று உலகம் பூராவும் நடக்கிறது. ஐசிபிசி என்பார்கள். இதன் வேர் 1970-ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சின்னப் போட்டி. உப்சிலான் பை எப்சிலான் என்ற கணினி மாணவர் சங்கத்தின் கிளைதான் நடத்தியது. 1977-ல் அட்லாண்டாவில், ஏசிஎம் அமைப்பின் கணினி அறிவியல் மாநாட்டோடு சேர்த்து முதல் இறுதிப்போட்டி. மிச்சிகன் ஸ்டேட் ஜெயித்தது. 1989 வரை பெரும்பாலும் அமெரிக்க, கனடா அணிகள்தான். அந்த வருடம் தலைமையகம் பேய்லர் பல்கலைக்கழகத்துக்குப் போனது. பில் பௌச்சர் பொறுப்பில் உலகப் போட்டியாக வளர்ந்தது. 1997 முதல் 2017 வரை ஐபிஎம் செலவைப் பார்த்துக்கொண்டது. ரஷ்யாவின் ஐடிஎம்ஓ மட்டும் ஏழு முறை ஜெயித்திருக்கிறது. கான்பூரிலும் அமிர்தபுரியிலும் வட்டாரச் சுற்றுகள் நடந்தும், உலகக் கோப்பை இன்னும் நம் பக்கம் வரவில்லை.

விதி ரொம்ப எளிது. மூன்று பேர், ஒரே கணினி, ஐந்து மணி நேரம். (காலை ஏழு மணிக்கு ஒரே பாத்ரூம் உள்ள கூட்டுக்குடும்பம் மாதிரி.) ஒரு கணக்கைத் தீர்த்தால் ஒரு பலூன், கணக்குக்கு ஒரு நிறம். அதிகக் கணக்கு தீர்த்தவர் முதலில். சமமென்றால் குறைந்த நேரம் எடுத்தவர். தவறான விடைக்கு இருபது நிமிட அபராதம், அதுவும் அந்தக் கணக்கைக் கடைசியில் தீர்த்தால் மட்டும். கடைசி ஒரு மணி நேரம் பட்டியலை உறைய வைத்துவிடுவார்கள், யார் முந்துகிறார் என்று தெரியாது.

வெளியிலிருந்து பார்த்தால் மாணவர்களுக்குத்தான் பரீட்சை. உண்மையில் நடுவருக்கும்தான். மாணவர் அனுப்பும் நிரலை, அவர் கண்ணில் காட்டாத சோதனைத் தரவில் ஓட்டிப் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறோம். அந்தத் தரவே தப்பாக இருந்தால்?

2004-ல் இங்கே ஒரு கல்லூரியில் என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். சாக்ரமெண்டோவில் உள்ள கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான பிசி ஸ்கொயர் மென்பொருளைப் போட்டு, ராத்திரி முழுக்க லேபில் வயர் இழுத்தோம். என் கணக்கில் "அதிகபட்சம் 1000 எண்கள்" என்று எழுதியிருந்தேன். தரவு செய்த என் நிரல் பூஜ்யத்திலிருந்து 1000 வரை ஓடியது. அதாவது 1001 எண்கள்! என் தீர்வில் 2000 இடம் ஒதுக்கியிருந்ததால் எனக்குத் தெரியவே இல்லை. இன்னொரு நடுவர் தனியாகத் தீர்த்துப் பார்க்க வேண்டும், அது பாலபாடம். நேரமில்லை என்று விட்டுவிட்டோம்.

கேள்வித்தாளை நம்பி ஜாவாவில் சரியாக 1000 இடம் ஒதுக்கிய அணிக்கு மூன்று முறை நிராகரிப்பு. நாலாவது முறை, ஏதோ சந்தேகத்தில் பத்து இடம் கூட்டிப் போட்டார்கள், பாஸ். மூன்று இருபது அறுபது நிமிட அபராதம். 41 நிமிட வித்தியாசத்தில் இரண்டாம் பரிசு.

அன்று ராத்திரி வீட்டில் கோப்புகளைப் புரட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அமைப்பாளருக்கு போன் போட்டேன். "பரிசு குடுத்தாச்சு சார், விடுங்க" என்றார். விட்டுவிட்டேன்.

இப்போதெல்லாம் தரவு சொன்ன வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கவே தனி நிரல் எழுதி ஓட்டுகிறார்கள். எனக்கு அது பத்து நிமிட வேலையாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண் பலூனைச் சுற்றிக்கொண்டே, "அந்த டீமுக்கு அப்புறமாச்சும் சொன்னீங்களா அங்கிள்?" என்றாள்.

இல்லம்மா, சொல்லவில்லை.